தண்ணீர் போகிற பக்கம்

முதல் டைலைப் பெயர்க்கும்வரைதான் பயம். உளியை இடுக்கில் கொடுத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டியதும் நீல டைல் ஒன்று முழுசாகக் கழன்று என் காலடியில் விழுந்தது. உடையக்கூட இல்லை. இத்தனை வருஷமும் வெறும் பழக்கத்தில்தான் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்ததைத் தட்டினேன், அதுவும் வந்தது. அதற்கடுத்தது மட்டும் அடம்பிடித்து, என் கட்டைவிரலை ஒரு பதம் பார்த்துவிட்டு, துண்டு துண்டாகப் பெயர்ந்தது. மூக்கில் கட்டியிருந்த கைக்குட்டையை இறக்கி விரலை வாயில் வைத்துக்கொண்டு, தலையில் வீட்டுக்காரரின் பழைய தொப்பியோடு குளியலறை நடுவில் நின்றபோது எனக்கே சிரிப்பு வந்தது. இந்த வயதில் ஒருத்திக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. அதற்காகத்தானே இத்தனை கூத்தும்.

நான் கேக் செய்கிறவள். பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் ஆர்டர் எடுத்து வீட்டிலேயே செய்து கொடுக்கிறேன். தெருவில் எனக்குப் பெயர் கேக் அக்கா. என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் திருத்துவதில்லை. என் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு அப்புறமும் விடிந்ததும் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்தால்தான் அவருக்குக் காபி இறங்கும். தொப்பை போட்டவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது, என்னைத் தவிர. அப்படிப்பட்ட மனிதர் இந்தக் குளியலறையில்தான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் ஓடியும் குதித்தும் விழாதவர், கைதவறிய சோப்பை எடுக்கக் குனிந்து விழுந்தார்.

நாங்கள் இந்த வீட்டை வாங்குவதற்கு முன்னால் இங்கே இருந்த யாரோ ஒருவரின் ஆசைதான் அந்தக் குளியலறை. ரோஸ் நிற மொசைக் தரை. இடுப்பளவுக்கு நீல டைல்ஸ், மூலைக்கு மூலை வாயைப் பிளந்தபடி ஒரு மீன் படம். குழாயைத் திறந்தால் முதலில் இருமிவிட்டுத்தான் தண்ணீர் விடும். உள்ளே போக இரண்டு விரல் உயரத்தில் ஒரு சின்னப் படி இறங்க வேண்டும். குத்தவைத்து உட்காரும் கக்கூஸ். மொசைக் தேய்ந்து தேய்ந்து, நனைந்துவிட்டால் வெண்ணெய் தடவியதுபோல இருக்கும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நாங்களும் சொல்லிக்கொண்டே இருந்தோம். பேச்சோடு சரி.

ஆபரேஷன் முடிந்ததும் அவரை நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய தங்கை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு, மாடிப்படி கிடையாது, மேல்நாட்டுக் கக்கூஸ். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாத்தனாருக்கு ரத்தம் பரிசோதிக்கும் இடத்தில் வேலை. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள், சோதித்தபின் மாற்றிப் பேசமாட்டாள். அண்ணன்மேல் உயிர். என்மேலும் பிரியம்தான், ஆனால் அந்தப் பிரியத்தில் எப்போதும் கொஞ்சம் மேற்பார்வை கலந்திருக்கும். நான் தினமும் சாயங்காலம் ஆர்டரையெல்லாம் முடித்துவிட்டு அங்கே போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்ததும், இனிமேல் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"அந்த பாத்ரூமுக்கா?" என்றாள் நாத்தனார். "அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் இங்கயே இருக்கட்டும். நீங்களும் வந்துடுங்க. ரூம் சும்மாதானே கெடக்கு."

"என் அடுப்பு?"

"கேக் யாரு வேணாலும் செய்வாங்க அண்ணி. அண்ணனை யாரு பார்த்துக்கறது?"

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் உட்கார்ந்தவாறே டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆமாம் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அவர் வாயைத் திறந்து, வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவ்வளவு வீறாப்பாகப் பேசியிருக்க மாட்டேன்.

"பாத்ரூமை நானே மாத்திக் காட்டுறேன்" என்றேன்.

"நீங்களா?"

"நான்தான்."

"சரி, முடிச்சிட்டு சொல்லுங்க. நான் வந்து பார்த்துட்டுத்தான் அண்ணனை அனுப்புவேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. கொத்தனாரை ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டது. குளியலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன தொகைக்கு நான் அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவைத்ததோடு சரி. ஆஸ்பத்திரி எங்களைத் துடைத்து வைத்திருந்தது. தூர ஊரில் வேலை பார்க்கும் மகள், "ஆள் வச்சுப் பண்ணும்மா, நான் அனுப்புறேன்" என்றாள். அவளே வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறவள். வேண்டாம் என்றேன். ஆனது ஆகட்டும், ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் புருஷன் என் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு குளியலறை குறுக்கே நின்றால் குளியலறையை உடைப்பேன்.

கேக் செய்யவும் நான் போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். டைல்ஸ் ஒட்டக் கற்றுக்கொடுப்பவர்களும் போனில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு வாய்த்த குருவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, வெறும் கைகள்தான் தெரியும். ரோமம் அடர்ந்த, நகம் வெட்டிய, நிதானமான கைகள். நான் அவருக்குக் கைக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். கைக்காரர் சொல்லச் சொல்லக் கேட்டு, கக்கூஸ் மாற்றும் வேலைக்கு மட்டும் பிளம்பரைக் கூப்பிட்டேன். அதில் விளையாடக் கூடாது என்று கைக்காரரே சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் நான்தான். சுவரில் ஆடிக்கொண்டிருந்த டைல்ஸை எடுத்துவிட்டு, ஆடாததை அப்படியே விட்டேன். டைல்ஸ் கடையில் மிச்சம் மீதியை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருப்பார்கள், பாதி விலை. அதில் வெள்ளையைப் பொறுக்கி வந்து சுவரின் ஓட்டைகளை அடைத்தேன். மூன்று மீன்கள் தப்பின, ஒன்று போய்விட்டது.

கைப்பிடிக் கம்பிகள்தான் முக்கியம். சுவரைத் துளைக்கும் மிஷினை எதிர்வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கினேன். அது சுவரைத் துளைத்ததா என்னைத் துளைத்ததா என்று தெரியாத அளவுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கக்கூஸ் பக்கத்தில் ஒரு கம்பி, குளிக்கிற இடத்தில் இரண்டு. போல்ட்டை இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி, என் பாரம் முழுக்கத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. என்னைத் தாங்கியது என்றால் அப்புறம் யாரைத்தான் தாங்காது.

பிறகு தரை. பழைய மொசைக்கின் மேலேயே பசை தடவிப் புது டைல்ஸ் ஒட்டலாம் என்று கைக்காரர் சொல்லியிருந்தார். தரையும் உயரும், அந்தப் படியும் ஏறக்குறைய இல்லாமல் போகும். சொரசொரப்பான, வழுக்காத சாம்பல் நிற டைல்ஸ் கிடைத்தது. வேலையைத் தொடங்குமுன் தரையில் ரசமட்டத்தை வைத்தேன். அந்தச் சட்டத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி இருக்கும், அது நடுவில் நின்றால் தளம் சமம். குமிழி ஒரு பக்கமாக ஓடியது. வேறு இடத்தில் வைத்தேன், அங்கேயும் ஓடியது. அடப்பாவிகளா, தரையே சாய்ந்து கிடக்கிறது, என் மனுஷன் வழுக்கி விழாமல் என்ன செய்வார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேக் தொழிலில் சாய்வு என்பது மானப்பிரச்சினை. அடித்தட்டு இம்மி சாய்ந்தாலும் மேல்தட்டு நழுவும், கல்யாண வீட்டில் பேர் கெடும். பள்ளமான பக்கத்தில் கிரீமை ஏற்றி, நீளக் கத்தியால் ஒரே இழுப்பாக இழுத்துச் சமமாக்குவேன். அதில் எனக்கு இந்த வட்டாரத்திலேயே போட்டி கிடையாது. கைக்காரர் தரையின் மட்டம் பற்றிப் பேச ஆரம்பித்ததும் விரலால் தள்ளிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். சமப்படுத்துவதை எனக்கா சொல்லித்தருவது? பள்ளமான பக்கத்தில் பசையைக் கனமாக ஏற்றினேன். டைலை வைத்தேன், தட்டினேன், ரசமட்டத்தை வைத்தேன், குமிழி நடுவில் வந்து நின்றது. அடுத்த டைல், மறுபடி நடுவில். முழங்கால் இரண்டும் கெஞ்சின. ஒரு நாள் குளிக்கிற பக்கம், மறுநாள் வாசல் பக்கம் என்று முடித்து, இடுக்குகளில் சாந்தை நிரப்பி, ஸ்பாஞ்சால் துடைத்தபோது என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தது. அந்தத் தரையில் கல்யாணக் கேக்கையே நிறுத்தி வைக்கலாம்.

இதற்கிடையிலும் சாயங்காலம் அவரைப் பார்க்கப் போகாமல் இருக்கவில்லை. கை முழுக்கச் சிமெண்ட் அரித்திருந்தது. அவர் பார்த்தார், கேட்கவில்லை. நான்தான் கம்பி போட்டதைச் சொன்னேன், கக்கூஸ் மாற்றியதைச் சொன்னேன்.

"எதுக்கு இவ்ளோ கஷ்டப்படுற?" என்றார்.

"பின்ன யாரு படுறது?"

"இங்க எல்லாம் வசதியாத்தானே இருக்கு." சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை முட்டியது. தங்கை வீட்டுச் சாப்பாடும் சொகுசும் பழகிவிட்டது, நான்தான் இங்கே உப்புக்குச் சப்பாணியாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன் என்று நினைத்தேன். அந்த எரிச்சலிலேயே மறுநாள் நாத்தனாருக்குப் போன் போட்டேன். முடிந்துவிட்டது, வந்து பார், உன் சோதனையெல்லாம் செய்து பார் என்றேன். சாயங்காலம் வருவதாகச் சொன்னாள்.

அவள் வருவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் தரையைக் கழுவி வைக்கலாம் என்று ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் அழகாகப் பரவியது. மூலைக்கு மூலை ஒரே சீராகப் போனது. போய் நின்றது. நான் காத்திருந்தேன். தண்ணீர் போகிற ஓட்டை அந்தக் கோடியில் இருக்கிறது, மூடியின் ஓரத்தில் ஏதோ நாலு சொட்டு இறங்கியது. மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நின்றது. மேலே இருந்த பல்பு தரையில் தெரிந்தது, குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. போனை எடுத்து, அன்றைக்குத் தள்ளிவிட்ட இடத்துக்குப் போனேன். கைக்காரர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: வீட்டில் எந்தத் தரையும் சமமாக இருக்கலாம், குளியலறைத் தரை மட்டும் சமமாக இருக்கக் கூடாது. பழைய தரையில் சாய்வு இருந்தால் அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைத்தது, தொட்டுவிடாதீர்கள்.

நாத்தனார் வந்தபோது நான் அந்தத் தண்ணீரின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மறைக்க நேரம் இல்லை, மறைத்தாலும் அவளிடம் நடக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் நடந்துபோய், கக்கூஸின் மூடியை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அழகா இருக்கு அண்ணி" என்றாள். "நெஜமாவே. ஆனா தண்ணி நிக்குதே."

"அதுக்கென்ன, வைப்பர் போட்டுத் தள்ளிவிட்டா போச்சு."

"யாரு தள்ளுவா?"

"நான்தான், வேற யாரு. பக்கத்துலயே நின்னுட்டு தள்ளிட்டே இருப்பேன்."

"அப்ப அண்ணன் குளிக்கறப்ப நீங்க உள்ள இருப்பீங்க."

"இருந்தா என்ன? பொண்டாட்டிதானே?"

அவள் கையில் இருந்த பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எதையும் பூசி மெழுகாமல் பேசுகிறவள் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"எங்க வீட்ல என் வீட்டுக்காரர்தான் அண்ணனைக் குளிப்பாட்டி விடுறாரு" என்றாள் கடைசியில். "டாக்டர் தனியா குளிக்கலாம்னு சொல்லிட்டாரு. புடிச்சுக்க கம்பி இருக்கணும், வழுக்கக் கூடாது, தண்ணி நிக்கக் கூடாது, அவ்ளோதான். ஆனா எங்களுது வாடகை வீடு. செவுத்துல ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டாரு. அதனால இவரு உள்ள போய் ஊத்தி விடுறாரு. அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு அண்ணி. முடிஞ்சதும் தேங்க்ஸ்ம்பாரு. தெனமும். வீட்டு மனுஷனுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வாங்களா?"

நான் கையில் வைப்பரோடு நின்றேன்.

"வீட்டுக்குப் போகணும்னு ஏன் கேக்கவே மாட்டேங்கறன்னு நானும் கேட்டேன். 'அங்க போனா அவ குளிப்பாட்டணும். அவ என்னை இப்படிப் பார்க்க வேணாம்'னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்காரு. நானும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நான் என்ன மூணாம் மனுஷியா? மகள் பிறந்து, தையல் போட்டு, நான் நிற்க முடியாமல் கிடந்தபோது எனக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டது யார்? அவர்தானே. அவர் கைவிரலைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது, மெதுவாக ஊற்றுங்கள் என்று திட்டிக்கொண்டே குளித்தவள்தானே நான். எனக்கு அன்றைக்கு வராத வெட்கம் இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? இப்படியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அன்றைக்கு நான் எழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அவருக்கு அது தெரியவில்லை. மைதானத்தில் எத்தனையோ பேருக்கு முதுகை நிமிர்த்தச் சொல்லிக்கொடுத்தவர், கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். பாவி மனுஷன், என்னிடம் சொல்லியிருக்கலாமே. சொல்ல முடியாததால்தானே டி.வி.யைப் பார்த்தார்.

வைப்பரைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்தேன்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"உடைக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். நீ காலைத் தூக்கிக்க."

அவள் காலைத் தூக்கிக்கொள்ளவில்லை. எழுந்து வந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க அடிக்கணும்னு சொல்லுங்க" என்றாள். பசை இன்னும் முழுசாக இறுகவில்லை என்பதால் சில டைல்ஸ் கெஞ்சாமலே வந்தன. சில வரமாட்டேன் என்றன. அவள் உளியைப் பிடிக்க நான் அடித்தேன், அப்புறம் நான் பிடிக்க அவள் அடித்தாள். அவளுடைய அடியில் எனக்கு இரண்டு தடவை உயிர் போய் வந்தது. ரத்தம் எடுக்கிற கைக்கு நிதானம் அதிகம் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்றும் இல்லை. உடைந்ததையெல்லாம் சாக்கில் அள்ளிப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தபோது இரண்டு பேருக்கும் புருவம் வரைக்கும் சிமெண்ட் சேறு. போகும்போது வாசலில் நின்று, "அவசரப்படாம போடுங்க அண்ணி, நான் அண்ணன்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள். அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

கடையில் சாம்பல் நிற டைல்ஸ் பாதிதான் மிச்சம் இருந்தது. மீதிக்குச் செங்கல் நிறம் எடுத்துக்கொண்டேன். "மறுபடியுமா?" என்றார் கடைக்காரர். "பாத்ரூம்தானே கட்டுறீங்க, பஸ் ஸ்டாண்டு இல்லையே." கட்டி முடித்ததும் அவரைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை கைக்காரரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். பழைய தரையின் சாய்வு, சுரண்டியும் போகாத என் பசைக்கு அடியில் புதைந்துவிட்டது, புதுசாகத்தான் சாய்க்க வேண்டும். ஆனால் அவர் சொன்ன கணக்கு என் மண்டையில் ஏறவில்லை. ஓர் அடிக்கு இவ்வளவு இறக்கம் என்கிறார், அதை எதை வைத்து அளப்பது? வெறுமனே கண்ணால் பார்த்து இறக்கினால் ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடாகும். சமமாக வைக்கத்தான் என் கைக்குத் தெரியும், சாய்க்கத் தெரியாது. அடுப்பில் கேக் இருந்தபோது, மேஜைமேல் கிடந்த அட்டையைப் பார்த்தேன். கேக்குக்கு அடியில் வைக்கிற தடித்த அட்டை. அதில் ஒரு துண்டு வெட்டி, ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் ஒட்டிவிட்டேன். அட்டை ஒட்டிய முனையைத் தண்ணீர் போகிற பக்கம் வைக்க வேண்டும். அப்போது குமிழி நடுவில் நின்றால், தரை அந்த அட்டையின் கனத்துக்குச் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். அதன்பின் என் பழைய வேலைதான், குமிழியை நடுவில் நிறுத்துவது. அந்த அட்டையைக் கண்டுபிடித்த பெருமையில் கேக்கைக் கொஞ்சம் கருகவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும், கேக்கின்மேல் தூவுகிற சின்னச் சின்ன வெள்ளிநிறச் சர்க்கரை உருண்டைகளை வாசல் பக்கம் இருந்து உருட்டிவிட்டுப் பார்த்தேன். எல்லாம் ஓட்டையைப் பார்த்து ஓடினால் சரி. ஒன்று நடுவழியில் நின்றாலும் அந்த டைலைத் தூக்கிவிட்டு, பசையைச் சுரண்டி, மறுபடி வைத்தேன். ஒரு டைல் என்னை அழவைத்துவிட்டது. எத்தனை தடவை எடுத்து வைத்தாலும் அதன் ஓரத்தில் ஓர் உருண்டை வந்து சிவனே என்று உட்கார்ந்துகொள்ளும். விட்டுவிடலாம், ஒரே ஓர் இடம்தானே என்று எழுந்து போனேன். அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அந்த ஓர் இடத்தில் அவர் கால் வைத்தால்? மறுபடி தூக்கினேன். எறும்புகள் வேறு தகவல் தெரிந்து வரிசை கட்டிக்கொண்டு வந்துவிட்டன, அவற்றையும் கூட்டித் தள்ள வேண்டியிருந்தது. காய்ந்து முடிந்த பிறகு தண்ணீரை ஊற்றினேன். ஒரு கணம் யோசித்ததுபோல நின்றுவிட்டு, எல்லாத் தண்ணீரும் சேர்ந்து அந்த மூலையைப் பார்த்துப் போனது. இன்னொரு பக்கெட் ஊற்றினேன். இன்னொன்றும் ஊற்றினேன். அன்றைக்கு நான் தண்ணீரை வீணாக்கியதுபோல் என் ஆயுசில் வீணாக்கியதில்லை.

நாத்தனார் வந்து சோதித்தாள். அவளே தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, செய்தித்தாளைத் தரையில் போட்டு எங்கெங்கே ஈரம் ஊறுகிறது என்று பார்த்தாள். அவர் உட்கார்ந்து குளிக்க நான் வாங்கிப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தாள். பிறகு கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, "தாழ்ப்பாளைக் கழட்டிடுங்க அண்ணி, விழுந்துட்டா எப்படி உள்ள போறது?" என்றாள்.

"தாழ்ப்பாள் இருக்கும்."

"அண்ணி."

"இது வேற தாழ்ப்பாள். வெளியில இருந்து காசை வச்சுத் திருப்பினா திறந்துக்கும்." திருப்பிக் காட்டினேன். "ஆனா அது அவருக்குத் தெரியக் கூடாது. அவருக்கு ஒரு சத்தியம் பண்ணினியே, எனக்கும் ஒண்ணு பண்ணு."

அவள் என் உள்ளங்கையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். சிமெண்ட் அரித்த கை, உயிர் போனது.

மறுநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் உடனே கிளம்பிவிட்டாள். அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராகக் குளியலறை வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே போய்க் கொஞ்சம் தள்ளி நின்றேன். கண்ணை மேலும் கீழுமாக ஓட்டினார். மீனைப் பார்த்தார், வெள்ளை டைல்ஸைப் பார்த்தார்.

"தரை ரெண்டு கலரா இருக்கு" என்றார்.

"அது டிசைன்."

"யாரு போட்டது?"

"நான்தான்."

"நீயேவா?"

"இல்ல, நீங்க டி.வி. பார்த்துட்டு இருந்தப்ப எந்திரிச்சு வந்து போட்டுட்டுப் போனீங்க."

உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. வாக்கரோடு உள்ளே நுழைந்து, ஒரு கையை எடுத்துக் கம்பியைப் பிடித்தார். முதலில் விரல்களால், பிறகு உள்ளங்கையால், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் பாரத்தை அதில் இறக்கினார். பள்ளிக்கூடத்தில் புதுசாக ஒரு கம்பத்தை நட்டால் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் அப்படித்தான் சோதிப்பார். அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினார், அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாதுபோல் இருந்தது.

"சுடுதண்ணி பக்கெட்ல இருக்கு. குளிங்க. எனக்கு ஆர்டர் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்தேன்.

ஆர்டர் ஒன்றும் இல்லை. கதவு சாத்துகிற சத்தமும், தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் கேட்டதும், செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி வந்து கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டேன். உள்ளங்கையில் ஒரு காசு. உள்ளே ஸ்டூல் நகர்ந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீர் விழுந்தது, ஒரு குவளை, இன்னொரு குவளை, அதற்கு மேல் எண்ண எனக்குப் பொறுமை இல்லை. திடீரென்று எல்லாம் நின்றது. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. காசைத் தாழ்ப்பாளின் பிளவில் வைத்துவிட்டேன். திருப்பவில்லை. திருப்பினால் எல்லாம் போச்சு, திருப்பாமல் ஏதாவது ஆகிவிட்டாலும் எல்லாம் போச்சு. காசு தகட்டில் உரசிக் கிறீச்சென்றது, நான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய்" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. பள்ளிக்கூடத்து மைதானத்தின் அடுத்த கோடிக்கும் கேட்கிற குரல். "துண்டு எங்க?"

ஓடிப்போய்க் கொடியில் கிடந்ததை உருவிக்கொண்டு வந்தேன். தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்து, முழங்கை வரை ஈரமான கை வெளியே வந்து காற்றில் துழாவியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு துண்டை அந்தக் கையில் வைத்தேன். கை அதைத் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே என் பக்கம் திருப்பி நீட்டியது.

"இது இல்ல. பெரிய துண்டு. குளிக்கறவனுக்கு எந்தத் துண்டு கொடுக்கணும்னுகூடத் தெரியாதா?"

பெரிய துண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். பிடுங்கிக்கொண்டார். கதவு என் மூக்குக்கு நேராகச் சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது. அவர் பிடித்திருந்த இடத்தில், கதவின் ஓரத்தில், நாலு விரலின் ஈரம் பதிந்திருந்தது. அதில் கடைசி விரலில் இருந்து ஒரு சொட்டு கிளம்பி, மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.